காது டாக்டரின் சீட்டு

அந்தக் கட்டடத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் படித்து ஆனவர். இன்னொருவர் தானாக ஆனவர்.

படித்தவர் மூன்றாவது மாடியில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். தானாக ஆனவர் கீழ்த்தளத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், முக்காலியில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் ‘காது டாக்டர்’ என்று பேர் வைத்தது இரண்டாவது மாடி ஜெராக்ஸ்காரர். கிண்டலுக்கு வைத்த பேர். இவரோ அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். ஆள் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

லென்ஸ் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. சக்கரத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மயிரிழை கூடக் குறைய இல்லாமல் பிரேமில் உட்கார வைத்துவிடுவார். கடுகத்தனை திருகாணியைப் பார்க்காமலே முடுக்குவார். அந்த மட்டில் நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அவருக்குத் தன் கை பெரிதாகப் படவில்லை, காதுதான் பெரிதாகப் பட்டது. கடவுள் எல்லோருக்கும் இரண்டு காது வைத்து அனுப்பினார். தனக்கு மட்டும் தனியாக உட்கார்ந்து செய்தார் என்று நினைப்பு.

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாலிபத்தில் ஒரு கேசட் கடையில் எட்டு மாதம் வேலை பார்த்தார். கேசட்டின் அட்டையைப் படித்துப் படித்தே பாதி சங்கீதம் வந்துவிட்டது. மீதிப் பாதி கைபேசி வந்தபின் வந்தது. சாஸ்திரிய சங்கீதம், கஜல், ஜாஸ், ராக், ராப், மலையில் ஆடு மேய்க்கிறவன் ஊதுகிற குழல், பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவன் பாடுகிற பாட்டு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் முதல் ஒன்றரை நிமிஷம் கேட்பார். அதற்கு மேல் கேட்பது காது மந்தமானவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. “லென்ஸைத் தூக்கிப் பிடிச்சதும் பவர் தெரியுதில்ல? அத முழுசா போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தியா பார்க்கறோம்?” என்பார்.

வீட்டில் இந்தச் சரக்கு விலை போகவில்லை. மகள் எந்நேரமும் காதில் எதையோ செருகிக்கொண்டு திரிந்தாள். அப்பா வாயைத் திறந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். மனைவி காலையில் அடுப்படியில் ஒரே ஒரு சாமி பாட்டு போடுவாள். தினமும் அதேதான்.

“இருபத்தெட்டு வருஷமா இதே பாட்டைக் கேக்குறியே, உனக்கு அலுக்கலையா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“இருபத்தெட்டு வருஷமா சாமியும் அதேதானே” என்றாள் அவள், மாவிலிருந்து கையை எடுக்காமல்.

வீட்டில் விலை போகாததைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவருவதுதானே வழக்கம். கட்டடத்தில் அவருக்கு மூன்று நட்பு. முதல் மாடியில் திரைச்சீலை தைக்கிற தையலக்கா. இரண்டாவது மாடியில் ஜெராக்ஸ்காரர். மூன்றாவது மாடியில், பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடுகிற டோக்கன் மேடம். நால்வரும் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், லிப்ட் கதவுக்கு எதிரே, மதியம் சேர்ந்து சாப்பிடுவார்கள். லிப்ட் அண்ணன் லிப்டை அங்கேயே நிறுத்திக் கம்பிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே தன் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் பேச மாட்டார். அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் காது டாக்டர் இந்த மூன்று பேருக்கும் காது பரிசோதனை செய்தார். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே செய்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு காதில் பஞ்சை அடைத்தார். மறு காதில் பத்து வினாடி ஒரு பாட்டு, பத்து வினாடி இன்னொரு பாட்டு. “இது தெளிவா, அது தெளிவா? முதல்லயா, ரெண்டாவதா?” என்று லென்ஸ் மாற்றுகிறவர் குரலிலேயே கேட்டார். முடிவில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்.

தையலக்காவுக்குக் கிட்டக் காது. “பக்கத்துல இருக்கிற பாட்டுதான் உனக்குக் கேக்கும். தூர தேசத்துப் பாட்டெல்லாம் மங்கலாத்தான் இருக்கும். உன் மேல தப்பில்ல, அமைப்பு அப்படி.” டோக்கன் மேடத்துக்கு எட்டக் காது, உசத்தியான காது. எவ்வளவு தூரத்துச் சங்கீதமும் தாங்கும். காரணம், அவர் பட்டப்படிப்பு படித்தவர். காது டாக்டர் அதைக் காரணமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜெராக்ஸ்காரருக்குத் தடித்த காது. மிஷின் சத்தத்தில் காய்த்துப்போனது. மெல்லிய வீணை, புல்லாங்குழல் என்று கொடுத்து மெதுவாக இளக்க வேண்டும்.

“எனக்கு அடிக்கிற பாட்டுதாங்க பிடிக்கும் டாக்டரே. தரை அதிரணும்” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“சர்க்கரை வியாதிக்காரனுக்கும் இனிப்புதான்யா பிடிக்கும்.”

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் மருந்து. கடையில் கண்ணாடி பவர் எழுதுகிற பழைய சீட்டுக் கட்டுகள் மிச்சம் கிடந்தன. அதில் வலது, இடது என்று இரண்டு கட்டம் இருக்கும். வலதில் ஒரு பாட்டு, இடதில் ஒரு பாட்டு எழுதுவார். வலது காலையில் கேட்பதற்கு, இடது மாலையில். இது புரியாமல் தையலக்கா முதல் மூன்று மாதம் முதல் பாட்டை வலது காதில் மட்டும், இரண்டாவதை இடது காதில் மட்டும் செருகிக் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு ஜெராக்ஸ்காரர் சிரித்து சிரித்துப் புரையேறினார். காது டாக்டர் சிரிக்கவில்லை. “அதுலயும் ஒரு பலன் இருக்கும்” என்றார்.

சீட்டில் பேர் எழுத மாட்டார். ஒருத்தர் வைத்தியம் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது என்பது அவருக்கு அவரே போட்டுக்கொண்ட மருத்துவ தர்மம். மூன்றையும் நான்காக மடித்து, மாடி வரிசையில் அடுக்கி ரப்பர் வளையம் போட்டு, காலையில் லிப்ட் அண்ணனிடம் கொடுத்துவிடுவார். மேலே இருப்பது முதல் மாடி, நடுவில் இரண்டாவது, அடியில் மூன்றாவது. “வரிசையாத்தான் இருக்கு. கலைக்காம குடுத்துடுங்க” என்று முதல் நாள் சொன்னதோடு சரி. லிப்ட் அண்ணனுக்கு அவர் ஒரு சீட்டும் எழுதியதில்லை. ஏறி இறங்குகிறவருக்கு எதற்கு சங்கீதம்.

இன்னொரு சட்டமும் உண்டு. கேட்ட பாட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் வீரியம் போய்விடும். அவர் கேட்பது ஒரே கேள்விதான். “குணம் தெரியுதா?”

“தெரியுது சார்” என்பார் டோக்கன் மேடம்.

“ரொம்ப நல்லாருக்குண்ணே. அதுல ஒருத்தர் மூச்சு விடாம ஊதுறாரே...” என்று தையலக்கா ஆரம்பிப்பார்.

“ம். குணம் தெரியுதுல்ல, போதும்” என்று கையமர்த்திவிடுவார். அடுத்தவர்களுக்குக் காது பார்க்கிற வைத்தியருக்குத் தன் காதால் அவர்களைக் கேட்க நேரம் இல்லை.

ஜெராக்ஸ்காரர் மட்டும் வாராவாரம் உதட்டைப் பிதுக்குவார். “நேத்து அந்த வீணையைப் போட்டேன். ஒரு அம்மா நூறு பக்கம் காப்பி எடுக்க வந்தவங்க அம்பதுலயே தூங்கிட்டாங்க.” காது டாக்டர் அவரை முற்றிய வியாதி என்று ஒதுக்கிவைத்தார். இரண்டு பேர் குணமாகிறார்கள், ஒருவர் ஆகவில்லை என்றால் கோளாறு மருந்திலா இருக்கும்?

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை மதியம் டோக்கன் மேடம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே விஷயத்தைத் திறந்தார்.

“சார், எங்க டாக்டர் உங்களைப் பார்க்கணுமாம். காத்திருக்கிறவங்க ரூம்ல இனிமே நிரந்தரமா பாட்டு போடப் போறார். நீங்கதான் பாட்டு எடுத்துக் குடுக்கணும்னு சொல்றார். சுவத்துல ஒரு போர்டும் வைப்பாராம், ‘பாடல் தேர்வு: காது டாக்டர்’னு.”

காது டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படித்து ஆன டாக்டர், தானாக ஆன டாக்டரைக் கூப்பிடுகிறார். சுவரில் எழுதி வைக்கிறேன் என்கிறார். இருபத்தாறு வருஷம் கண்ணாடி தேய்த்ததில் ஒரு துண்டுச் சீட்டில்கூட அவர் பேர் வந்ததில்லை. எல்லாப் பெட்டியிலும் கடையின் பேர்தான். அன்று மாலை மனைவியிடம் போர்டைப் பற்றிச் சொன்னார். “நல்லது” என்றாள். “எவ்ளோ பெருசு போர்டு?” என்று கேட்டாள் மகள். ஒரு காதிலிருந்து செருகியதை எடுத்துவிட்டுக் கேட்டாள். அது போதும் அவருக்கு.

வெள்ளிக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார். அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து கையைக் கொடுத்தார். மேசை மேல் ஒரு கட்டுச் சீட்டு. டோக்கன் மேடம் இரண்டு வருஷத்துச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்.

“இதுல இருக்கிற பாட்டைத்தான் ஒரு வாரமா போட்டுப் பார்க்கறேன். வலியோட வர்றவங்க அடங்கி உட்கார்றாங்க” என்றார் பல் டாக்டர். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தம்மாவுக்கு இதுதான் சரின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

காது டாக்டர் கனைத்துக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தார். வலது கட்டத்தில் ஒரு தாலாட்டு. இடது கட்டத்தில் கருப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாப் பாட்டு. அடுத்ததைப் பிரித்தார். ஒரு பக்திப் பாட்டு. அதற்கடுத்ததில் படகோட்டிப் பாட்டு. எல்லாம் அவர் கையெழுத்துதான். எல்லாம் கிட்டக் காதுக்கு எழுதியது. ‘இது போதும் இவளுக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தையலக்காவுக்கு எழுதியது.

கன்னத்தைப் பிடித்திருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“அது... ஒரு கணக்கு இருக்கு” என்றார்.

“திங்கட்கிழமை போர்டு வந்துடும்” என்றார் பல் டாக்டர்.

கீழே இறங்கும்போது லிப்ட் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? வரிசையாக் குடுக்கச் சொன்னா கலைச்சுக் குடுத்திருக்கீங்களே.”

“கலைக்கலையே” என்றார் லிப்ட் அண்ணன். “காலையில முதல்ல பல்வலிக்காரங்கதான் வர்றாங்க. நோவோட வர்றவங்களை நடுவுல நிறுத்தாம மேல கொண்டுபோயிடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால முதல்ல மூணு. எறங்கி வர்றப்போ ரெண்டு, அப்புறம் ஒண்ணு. மேல இருக்கிற சீட்டை எடுத்து எடுத்துக் குடுத்துடுவேன். நீங்க அடுக்குன வரிசை அப்படியேதான் இருக்கும்.”

காது டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். முதல் மாடி மருந்து மூன்றாவது மாடிக்கு. மூன்றாவது மாடி மருந்து முதல் மாடிக்கு. நடுவில் இருப்பது மட்டும் எப்படிப் புரட்டினாலும் நடுவில். அவருடைய வைத்தியம் இரண்டு வருஷமாகச் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒருவருக்கு. குணமாகாதவரும் அவர் ஒருவர்தான்.

முதல் மாடியில் இறங்கிக்கொண்டார். தையலக்கா அறை நிறைய நீலத் துணி மலை மாதிரி கிடந்தது. அதன் நடுவே அவர் தலை மட்டும் தெரிந்தது. மிஷின் பக்கத்தில் வைத்திருந்த கைபேசியில் ஒருவர் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தார். டோக்கன் மேடத்தின் எட்டக் காதுக்கென்று காது டாக்டர் வலை போட்டுப் பிடித்த ஜாஸ்.

“வாங்கண்ணே. பேசக் கூடாதுன்னு சொல்வீங்க. ஆனா வந்ததே வந்துட்டீங்க, கேட்டுட்டுப் போங்க. பதினோராவது நிமிஷத்துல இந்த ஆளு ஒரு இடத்துல நிறுத்துவாரு பாருங்க. செத்துட்டாரோன்னு பயமா இருக்கும். அப்புறம் திரும்ப எந்திரிச்சு வருவாரு. அந்த இடம் வர்றப்போ நானும் மிஷின் மிதியிலேர்ந்து காலை எடுத்துடுவேன். அவர் வந்ததும் ஒரே மூச்சுல ஓரம் முழுக்க அடிச்சு முடிச்சிடுவேன்.”

பதினோராவது நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று காது டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் நின்றது ஒன்றரையில்.

“தெரியும், தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று அவர் இரண்டு லென்ஸை உடைத்தார். போர்டை நினைத்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லிப்ட் அண்ணன் பேசாத ஆள். இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஊரில் எத்தனை வைத்தியர்கள் இப்படித்தான் பேர் வாங்கியிருக்கிறார்கள். மனசைத் தேற்றிக்கொள்ள மனிதனுக்கு நியாயம் கிடைக்காமல் போனதே இல்லை. மறுநாள் காலை அடுப்படியில் சாமி பாட்டு ஓடும்போது மட்டும், அவருக்கு என்னவோ அந்தப் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது போர்டு விஷயம் ஜெராக்ஸ்காரரிடம் வந்து நின்றது. அச்சடித்து லேமினேஷன் போடுவது அவர் கடையில்தான்.

“என்ன எழுதணும்?” என்றார்.

“‘அவரவர் காதுக்கு ஏற்ற பாட்டு. பாடல் தேர்வு: காது டாக்டர்’” என்று டோக்கன் மேடம் துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

“என்னால ஆகாது.”

“ஏன்யா?” என்றார் காது டாக்டர்.

“எனக்கும் காது இருக்கு டாக்டரே. ரெண்டு வருஷமா அதுக்கு ஏத்த பாட்டு ஒண்ணு வரலை. வேற கடையில போய்ப் போட்டுக்குங்க. தெரிஞ்சே ஒரு பொய்யை நான் லேமினேஷன் பண்ண மாட்டேன். தண்ணி பட்டாலும் அழியாது அது.”

“அவங்க ரெண்டு பேரும் குணமாகலையா?”

“ஆகியிருக்காங்க. அவங்களுக்கு நீங்க பார்த்து எழுதுனீங்க. எனக்குக் கையில கிடைச்சதை எழுதி வீசுனீங்க. நான் காப்பி எடுக்கிறவன்தானேன்னு.”

இங்கேதான் காது டாக்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்ன பழி சொன்னாலும் தாங்குவார். கவனமில்லாமல் எழுதினார் என்ற பழியைத் தாங்க மாட்டார்.

“யோவ், உனக்கு மட்டும்தான்யா நான் எழுதுனது ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சு!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உசத்தியான காது ஆனாலும் கொஞ்சம் தாமதம்.

“அப்படின்னா?” என்றார் டோக்கன் மேடம்.

இனி மூடி மறைக்க இடமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுக்கியது, லிப்ட் மேலே போனது, இறங்கி வந்தது எல்லாம். ஜெராக்ஸ்காரர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்து நான்கு படி ஏறிப் போய் அங்கே நின்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஆக, சரியான மருந்து குடிச்சு வீணாப்போனவன் நான் ஒருத்தன்தான்.”

டோக்கன் மேடம் சிரிக்கவில்லை. “அப்போ ரெண்டு வருஷமா நான் கேட்டது அக்காவோட பாட்டா? கிட்டக் காதுக்கு எழுதுனதா?” முகம் சிவந்துவிட்டது. தாலாட்டைக் கேட்டு அழுததை யாராவது பார்த்திருப்பார்களோ என்பதுபோல் இருந்தார்.

“இதுல என்ன மேடம்” என்றார் தையலக்கா. “நல்லாத்தானே இருந்துச்சு. ஆனா ஒண்ணுண்ணே, எனக்கு மங்கலா இருக்கும்னீங்களே, தெளிவாத்தான் இருந்துச்சு.”

சண்டைக்குச் சொல்லவில்லை. தகவலுக்குத்தான் சொன்னார்.

“போர்டுல இப்போ என்ன எழுதறது?” என்றார் டோக்கன் மேடம்.

“லிப்ட் பேரை எழுதுங்க” என்றார் ஜெராக்ஸ்காரர். “பாடல் தேர்வு: லிப்ட். அத வேணா நான் சும்மாவே அடிச்சுத் தரேன்.”

கம்பிக் கதவுக்குள்ளிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. நால்வரும் திரும்பினார்கள். லிப்ட் அண்ணன் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமையிலேர்ந்து அடியில இருக்கிறதை முதல்ல எடுத்துக் குடுக்கட்டுமா?” என்றார். “அப்படிக் குடுத்தா நீங்க எழுதுனது அவங்கவங்களுக்கே வந்துடும்.”

கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு வருஷத்துத் தவறு ஒரே நாளில் சரியாகிவிடும். காது டாக்டரின் வைத்தியம் அவர் நினைத்தபடியே நடக்கும்.

தையலக்கா தன் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே” என்றார் மெதுவாக, “என்னோடதை மாத்தாதீங்கண்ணே.”

டோக்கன் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ‘மாற்றுங்கள்’ என்றும் சொல்லவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் கெஞ்சுவார்கள்.

காது டாக்டர் மூடியை வைத்து அழுத்தினார். அது சரியாக உட்காரவில்லை. கடுகத்தனை திருகாணியைப் பார்க்காமல் முடுக்குகிறவருக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடி அடங்கவில்லை. திருப்பிப் போட்டு இன்னொரு முறை அழுத்தினார்.

“மேடம், போர்டு வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க” என்றார். “பாட்டை எடுத்துக்கட்டும். பேர் வேண்டாம்.”

“சரி சார்.”

“வரிசை?” என்றார் லிப்ட் அண்ணன்.

“வலியோட வர்றவங்களை நடு வழியில நிறுத்தக் கூடாது. எப்பவும்போல முதல்ல மேலயே போங்க.”

பெரிய மனசுதான். பல்வலிக்காரர்கள் மேல் அவருக்கு இவ்வளவு இரக்கம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

“அப்போ நான்?” என்றார் ஜெராக்ஸ்காரர். “மேல போனாலும் நடு, கீழ வந்தாலும் நடு. எனக்கு விடிவே இல்லையா?”

காது டாக்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். இறங்கப் போனவர் இரண்டாவது படியில் நின்றார்.

“தரை அதிரணும்னு சொன்னியே” என்றார், திரும்பிப் பார்க்காமல். “எந்த மாதிரி அதிரணும்?”

ஜெராக்ஸ்காரர் வாயில் வைத்த கவளத்தை விழுங்கிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். காது டாக்டர் படியில் நின்றபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.